பழைய யுனிவர்சல் ரிமோட்டில் புது ஹோம் தியேட்டரை இயக்குவது எப்படி?

கேள்வி இதுதான்: பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய யுனிவர்சல் ரிமோட் ஒன்று கையில் இருக்கிறது. இப்போது டிவி, ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் ஏ.வி. ரிசீவர், டிவியில் செருகி இணையப் படங்களைப் பார்க்கும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் மூன்றும் புதிதாக வந்திருக்கின்றன. எந்தக் கருவிக்கு எந்தக் குறியெண்ணைப் பதிய வேண்டும் என்று சொல்லும், ரிமோட்டோடு வந்த கோட் புத்தகத்தில் இந்த மாடல்களின் பெயரே இல்லை. ரிமோட்டைத் தூக்கிப்போட வேண்டியதுதானா?

வேண்டாம். டிவியும் ரிசீவரும் அநேகமாக இன்றைக்கே வேலை செய்யும். ஸ்டிக்தான் முரண்டு பிடிக்கும், அதற்கும் ஒரு சுற்றுவழி இருக்கிறது. என்னிடம் இருக்கும் யுனிவர்சல் ரிமோட் மூன்று டிவிகளைப் பார்த்துவிட்டது. ஒவ்வொரு முறையும் புதுக் கருவி வந்ததும் நான் முதலில் கோட் புத்தகத்தைத் தேடுவதில்லை. அந்தக் கருவிக்கு அகச்சிவப்புக் கதிர் புரியுமா என்றுதான் முதலில் பார்ப்பேன். பழைய ரிமோட் பேசும் ஒரே மொழி அதுதான். அந்த மொழி தெரியாத கருவியிடம் ஆயிரம் குறியெண் போட்டாலும் பலன் இருக்காது, அந்தத் தேடலில் ஒரு மாலைப்பொழுது முழுதும் போய்விடும்.

பார்ப்பது சுலபம். போனின் கேமராவைத் திறந்து, புதுக் கருவியோடு வந்த ரிமோட்டின் முனையை அதற்கு நேரே பிடித்து பட்டனை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, கேமராவில் வெளிர் ஊதா நிறத்தில் மினுக்கும். பின்பக்கக் கேமராவில் பல போன்களில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருக்கும். அதில் தெரியவில்லை என்றால் செல்ஃபி கேமராவில் பாருங்கள். ஒரே ஒரு பட்டனோடு நிறுத்தாதீர்கள். இப்போது வரும் பல ரிமோட்களில் பவரும் வால்யூமும் மட்டும் மினுக்கும், அம்புக்குறி பட்டன்கள் மினுக்காது. முன்னவை அகச்சிவப்பில் போகின்றன, மற்றவை ப்ளூடூத்தில் போகின்றன என்று அர்த்தம். இன்னொரு சோதனையும் உண்டு. ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்து அழுத்துங்கள். அப்போதும் கருவி வேலை செய்தால் அது அகச்சிவப்பு இல்லை.

டிவி, ஏ.வி. ரிசீவர், சவுண்ட்பார், ப்ளூரே பிளேயர் இவற்றில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் அகச்சிவப்பு வாங்கி, அதாவது அந்தக் கதிரைப் பெறும் உணரி, இருக்கும், கூட வந்த ரிமோட் ப்ளூடூத் வகையாக இருந்தாலும் கூட. ஃபயர் டிவி ஸ்டிக்குக்கு ப்ளூடூத். ரோக்கு ஸ்டிக்குக்கு வைஃபை. இரண்டிலும் அகச்சிவப்பு வாங்கி கிடையாது. டிவிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் பொருளுக்கு அது உதவவும் உதவாது. ஆப்பிள் டிவி பெட்டியில் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 5-ல் இல்லை.

சரி, டிவிக்கும் ரிசீவருக்கும் வருவோம்.

மாடல் பெயர் புத்தகத்தில் இல்லை என்பதற்காகச் சோர்ந்துபோக வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ரிமோட் அனுப்புவது வெறும் வெளிச்சம் இல்லை. பெரும்பாலான நிறுவனங்கள் நொடிக்கு 38,000 தடவை துடிக்கும் ஒளியை விட்டு விட்டு அனுப்புகின்றன. சோனிக்கு அது 40,000 தடவை, ஃபிலிப்ஸுக்கு 36,000. அந்த விட்டு விட்டு வரும் ஒழுங்கில்தான் செய்தி இருக்கிறது. மிகப் பரவலான என்.இ.சி. முறையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் 9 மில்லி நொடிக்கு ஒரு நீண்ட துடிப்பு, பிறகு 4.5 மில்லி நொடி மௌனம். அடுத்து ‘யாருக்கு’ என்று சொல்லும் முகவரி, அதன் பின் ‘என்ன செய்ய வேண்டும்’ என்று சொல்லும் கட்டளை. ஒவ்வொன்றும் ஒருமுறை நேராகவும் ஒருமுறை தலைகீழாகவும் அனுப்பப்படும், இரண்டையும் ஒப்பிட்டுத் தவறு இல்லை என்று கருவி உறுதி செய்துகொள்ள. எல்லாம் சேர்ந்து 67.5 மில்லி நொடியில் முடிந்துவிடும்.

இதில் நமக்கு முக்கியமானது முகவரி. ஒரு நிறுவனம் தன் டிவிகளுக்கு ஒரு முகவரியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அதை எளிதில் மாற்றாது. மாற்றினால் பழைய ரிமோட்கள், ஹோட்டல் அறைகளில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகள், அவர்களுடைய சொந்த உதிரி ரிமோட்கள் எல்லாமே பயனற்றுப் போய்விடும். அதனால் 2010-ல் வந்த டிவிக்கான குறியெண் அதே நிறுவனத்தின் புது டிவியிலும் பவர், வால்யூம், சேனல், மெனு, அம்புக்குறி வரை வேலை செய்வது சாதாரணம். வேலை செய்யாமல் போவது அப்போது பிறந்திராத பட்டன்கள்தான்: ஹோம், செயலிகளுக்கான பட்டன்கள், குரல் பட்டன். யமஹா, டெனான் போன்ற நிறுவனங்களின் ரிசீவர்களுக்கும் இதே கதைதான். மாடலைத் தேடாதீர்கள், அந்தப் பிராண்டின் பெயருக்குக் கீழே உள்ள எண்களை வரிசையாகப் போட்டுப் பாருங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சில பிராண்ட் பெயர்கள் கைமாறிவிட்டன. பெயரை மட்டும் உரிமம் வாங்கி வேறொரு தொழிற்சாலை டிவி செய்கிறது. அப்போது அந்தப் பெயரின் பழைய எண்கள் ஒன்றும் செய்யாது. உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையைச் செய்தவரின் முகவரிதான் செல்லும். அங்கே, குறியெண்களை ஒவ்வொன்றாக ரிமோட்டே முயன்று பார்க்கும் தேடல் முறைதான் கைகொடுக்கும்; அதைப் பின்னால் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு தவறான புரிதலைத் தீர்த்துவிடுகிறேன். புத்தகத்தில் இருக்கும் மூன்று, நான்கு அல்லது ஐந்து இலக்க எண் டிவியின் எண் இல்லை. அது உங்கள் ரிமோட்டின் நினைவகத்துக்குள் இருக்கும் ஒரு பட்டியலின் வரிசை எண், அவ்வளவுதான். ஒரு கம்பெனியின் ரிமோட்டுக்கான எண்ணை இன்னொரு கம்பெனியின் ரிமோட்டில் போட்டால் வேறு ஏதோ ஒரு கருவியின் பக்கம் திறக்கும். “இணையத்தில் கிடைத்த எண்ணைப் போட்டேன், வரவில்லை” என்று வருந்துகிறவர்களில் நிறையப் பேர் இங்கேதான் இடறுகிறார்கள். ரிமோட்டின் பாட்டரி மூடிக்குள் இருக்கும் மாடல் எண்ணைப் பார்த்து, அந்த ரிமோட்டுக்கான கையேட்டை மட்டும் தேடுங்கள்.

எண்ணைப் பதிவது ரிமோட்டுக்கு ரிமோட் மாறும், ஆனால் சாயல் ஒன்றுதான். ஒன் ஃபார் ஆல் என்ற பிராண்டின் வகை ரிமோட்களை உதாரணமாகச் சொல்கிறேன். டிவி பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். பிறகு செட் என்றோ மேஜிக் என்றோ எழுதியிருக்கும் பட்டனை, விளக்கு இரண்டு தடவை சிமிட்டும்வரை அழுத்திப் பிடியுங்கள். குறியெண்ணைப் போடுங்கள். ஏற்றுக்கொண்டால் மறுபடி இரண்டு சிமிட்டல். நீளமாக ஒரே சிமிட்டல் வந்தால் அந்த எண் அதன் பட்டியலில் இல்லை. இதே ரிமோட்களில் எண்ணுக்குப் பதிலாக 9-9-1 போட்டால் தேடல் தொடங்கும். பவர் பட்டனை ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் ஒரு குறியெண் முயற்சி செய்யப்படும்.

தேடலில் பொறுமை தேவை, சில சமயம் நூற்றுக்கணக்கில் அழுத்த வேண்டிவரும். டிவியை ஆன் செய்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள், அணைந்த நொடியில் நிறுத்துங்கள். ஆனால் அணைந்துவிட்டது என்பதற்காக அதையே முடிவாக வைத்துக்கொள்ளாதீர்கள். இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் இந்த இடத்தில் திருப்திப்பட்டுவிட்டுப் பிறகு வாரக்கணக்கில் அவதிப்படுகிறார்கள். ஒரே பிராண்டுக்கு நான்கைந்து குறியெண்கள் இருக்கும். எல்லாவற்றிலும் பவரும் வால்யூமும் ஒன்றாகவே இருக்கலாம். மெனுவும், அம்புக்குறியும், இன்புட் மாற்றும் பட்டனும்தான் வேறுபடும். ஆகவே மறுபடி ஆன் செய்து, மெனுவைத் திறந்து, நான்கு திசையிலும் நகர்ந்து, ஓகே கொடுத்துப் பாருங்கள். பாதி பட்டன்கள் வேலை செய்கின்றன என்றால் நீங்கள் சரியான குடும்பத்துக்குள் வந்துவிட்டீர்கள். அடுத்த எண்ணைப் பாருங்கள்.

ரிசீவருக்கு இரண்டு கூடுதல் சிக்கல்கள். ஒன்று, எந்தப் பட்டனின் கீழ் பதிவது என்பது. பழைய ரிமோட்டில் டிவி, வி.சி.ஆர்., சிடி, சாட் என்று எழுதியிருக்கும். ரிசீவர் என்று எதுவும் இருக்காது. ஆடியோ வகை எண்ணை வி.சி.ஆர். பட்டனில் போட்டால் பல ரிமோட்கள் ஏற்காது. ஆக்ஸ், ஆம்ப், ஆடியோ போன்ற பட்டன் ஏதாவது இருந்தால் அதில் போடுங்கள். இன்னொன்று, ரிசீவரின் பக்கம் இருக்கக்கூடிய பூட்டு. யமஹா ரிசீவர்கள் பலவற்றில் ரிமோட் ஐடி என்று ஓர் அமைப்பு உண்டு. ஒரே அறையில் இரண்டு யமஹா கருவிகள் இருந்தால் ஒன்றின் ரிமோட் மற்றதை இயக்காதிருக்க ஐடி 1, ஐடி 2 என்று பிரித்து வைக்கலாம். யாராவது அதை இரண்டுக்கு மாற்றி வைத்திருந்தால் உங்கள் குறியெண் சரியாக இருந்தும் ரிசீவர் அசையாது.

இனி, குறியெண் எதுவும் கிடைக்காத பட்டன்கள். உங்கள் ரிமோட்டில் கற்றுக்கொள்ளும் வசதி, அதாவது வேறொரு ரிமோட்டின் சமிக்ஞையை வாங்கிப் பதிந்துகொள்ளும் வசதி, இருக்கிறதா என்று பாருங்கள். இது ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. ஆப்பிளின் இணை நிறுவனர் ஸ்டீவ் வாஸ்னியாக் 1987-லேயே கோர் என்ற பெயரில், பிற ரிமோட்களின் சமிக்ஞையைக் கற்று, நிரல் எழுதி இயக்கக்கூடிய ஒரு ரிமோட்டைக் கொண்டுவந்தார். உங்கள் ரிமோட்டில் லேர்ன் என்ற பட்டன் இல்லாமலும் அந்த வசதி இருக்கலாம். ஒன் ஃபார் ஆல் ரிமோட்கள் பலவற்றில் குறியெண்ணுக்குப் பதிலாக 9-7-5 போட்டால் அது திறக்கும்.

கற்பிப்பதில் நான் முதலில் செய்த பிழையைச் சொல்கிறேன், உங்களுக்கு நேரம் மிச்சமாகும். ரிசீவரின் எல்லாப் பட்டன்களையும் ஒன்று விடாமல் கற்றுக்கொடுக்கத் தொடங்கினேன். பாதி வழியில் ரிமோட்டின் நினைவகம் நிரம்பிவிட்டது. கற்ற சமிக்ஞை அதிக இடம் பிடிக்கும், பழைய ரிமோட்களில் அந்த இடம் மிகக் குறைவு. முதலில் ஏறக்குறையப் பொருந்தும் குறியெண் ஒன்றைப் போட்டு, அது விட்டுவைக்கும் பட்டன்களை மட்டும் அதன் மேல் கற்றுக்கொடுப்பதுதான் சரியான வழி. நாற்பது பட்டன் வேலை ஆறேழு பட்டனில் முடிந்துவிடும்.

இரண்டு ரிமோட்களையும் மேசை மேல் முனையோடு முனை பார்க்க வையுங்கள், நடுவில் மூன்று நான்கு சென்டிமீட்டர் இடைவெளி. ஜன்னல் வெயில் நேராக விழக் கூடாது, சி.எஃப்.எல். விளக்கு இருந்தால் அணைத்துவிடுங்கள். இரண்டிலும் புது பாட்டரி போடுங்கள். ரிமோட் ‘தயார்’ என்று காட்டிய பிறகுதான் கற்பிக்கும் பட்டனை அழுத்த வேண்டும். முன்கூட்டியே அழுத்தி வைத்திருந்தால் என்ன ஆகும் தெரியுமா? என்.இ.சி. முறையில் முழுச் செய்தி ஒரே ஒரு தடவைதான் போகும். பட்டனை விடாமல் பிடித்திருந்தால் அதன் பிறகு 108 மில்லி நொடிக்கு ஒருமுறை, ‘அதே பட்டன்தான் இன்னும்’ என்று சொல்லும் குட்டிச் சமிக்ஞை மட்டும் போய்க்கொண்டிருக்கும். உங்கள் ரிமோட் அந்தக் குட்டியைப் பிடித்துக்கொண்டு ‘கற்றாயிற்று’ என்று சொல்லிவிடும். கருவிக்கு அது எதுவுமே புரியாது. சோனிக்கு நிலைமை நேர் எதிர். அங்கே ஒரே செய்தி குறைந்தது மூன்று தடவை அனுப்பப்படும், அதனால் லேசாகத் தட்டாமல் கொஞ்சம் அழுத்திப் பிடிப்பது நல்லது.

ஃபிலிப்ஸ் வழிவந்த ஆர்.சி.5 முறையைப் பயன்படுத்தும் கருவிகளில் ஒரு விநோதம் காண்பீர்கள். கற்றுக்கொடுத்த பட்டன் முதல் தடவை வேலை செய்யும், அடுத்தடுத்து இரண்டாம் தடவை அழுத்தினால் பேசாமல் இருக்கும். நடுவில் வேறு பட்டனை அழுத்தினால் மறுபடி உயிர் வரும். ரிமோட் பழுது என்று நினைத்துவிட வேண்டாம். அந்த முறையில் ஒவ்வொரு புது அழுத்தத்துக்கும் மாறி மாறி 0, 1 என்று வரும் ஓர் அடையாளம் உண்டு. அழுத்திப் பிடித்திருப்பதையும் விட்டு மறுபடி அழுத்துவதையும் கருவி அதை வைத்துத்தான் பிரித்தறியும். கற்ற சமிக்ஞையில் அந்த அடையாளம் உறைந்துபோய்விடுகிறது. இதற்கு நல்ல மருந்து, கற்பிப்பதை விட்டுவிட்டு ரிமோட்டுக்குள்ளேயே இருக்கும் குறியெண்ணைத் தேடிப் பிடிப்பதுதான்.

புது டிவியின் ரிமோட் ப்ளூடூத்தில் பேசினால் அதனிடமிருந்து கற்க எதுவும் இருக்காதே என்று கேட்பீர்கள். மூன்று வழிகள் இருக்கின்றன. டிவி அமைப்பில் போய் அந்த ரிமோட்டின் இணைப்பை நீக்குங்கள். பல ரிமோட்கள் இணைப்பு இல்லாதபோது அகச்சிவப்புக்குத் திரும்பிவிடும். அந்த நேரத்தில் கற்றுக்கொடுத்துவிட்டுப் பிறகு மறுபடி இணைத்துக்கொள்ளலாம். அப்படித் திரும்பாவிட்டால், அதே நிறுவனத்தின் விலை குறைந்த டிவியோடு வரும் சாதாரண ரிமோட்டை ஐந்து நிமிடம் கடன் வாங்குங்கள். முகவரி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். மூன்றாவது, அகச்சிவப்பு அனுப்பும் வசதியுள்ள போன். ஷாவ்மி போன்கள் பலவற்றில் அது இருக்கிறது. போனின் ரிமோட் செயலியில் உங்கள் டிவியைத் தேர்ந்தெடுத்து, போனையே ஆசிரியராக வைத்துப் பழைய ரிமோட்டுக்குப் பாடம் எடுக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். தொலைந்துபோன ரிமோட்டின் பட்டன்களைக்கூட இப்படி மீட்டிருக்கிறேன்.

உங்கள் ரிமோட்டுக்குக் கற்கும் வசதியே இல்லையா? அப்போது எதிர்ப்பக்கம் கற்றுக்கொள்கிறதா என்று பாருங்கள். ஆப்பிள் டிவி பெட்டியின் அமைப்பில் வேறொரு ரிமோட்டைக் கற்றுக்கொள்ளும் வசதி உண்டு. சவுண்ட்பார்களிலும் பல, டிவி ரிமோட்டின் வால்யூம் பட்டனை அப்படியே கற்றுக்கொள்ளும். உங்கள் வீட்டில் இல்லாத ஒரு பழைய வி.சி.ஆரின் குறியெண்ணை ரிமோட்டில் போட்டு, அந்தப் பட்டன்களைப் பெட்டிக்குக் கற்றுக்கொடுங்கள். வேறு எந்தக் கருவியும் குறுக்கே பதில் சொல்லாது.

இப்போது ஸ்டிக். அதற்கு அகச்சிவப்பு புரியாது, டிவிக்குப் புரியும். டிவிக்கும் ஸ்டிக்குக்கும் நடுவில் ஹெச்.டி.எம்.ஐ. இணைப்பு இருக்கிறது. அந்த இணைப்பின் 13-ஆவது முனை படத்தையோ ஒலியையோ சுமப்பதில்லை; சி.இ.சி. எனப்படும் கட்டளைகளுக்காகவே ஒதுக்கப்பட்டது. ஆகவே டிவியைத் துபாஷியாக வைத்துக்கொள்ளலாம். பழைய ரிமோட்டில் டிவி குறியெண் போட்டு அம்புக்குறியை அழுத்தினால், டிவி அகச்சிவப்பை வாங்கி, சி.இ.சி. மொழியில் ஸ்டிக்குக்குச் சொல்லிவிடும். ஸ்டிக் எந்த இன்புட்டில் இருக்கிறதோ அது திரையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வசதியை டிவி அமைப்பில் தேடும்போது சி.இ.சி. என்ற பெயர் கண்ணில் படாமல் போகலாம். சாம்சங் அதை எனிநெட் பிளஸ் என்கிறது, எல்.ஜி. சிம்ப்லிங்க், சோனி பிராவியா சிங்க், பானசோனிக் வியரா லிங்க், ஃபிலிப்ஸ் ஈஸிலிங்க். டிவியிலும், ஸ்டிக்கிலும், நடுவில் ரிசீவர் இருந்தால் அதிலும் ஆன் செய்திருக்க வேண்டும். அம்புக்குறி, ஓகே, பேக், பிளே, பாஸ் இவையெல்லாம் பொதுவாகப் போய்ச்சேரும். ஹோம் பட்டன் சில டிவிகளில் ஸ்டிக்குக்குப் போகாமல் டிவியின் சொந்த முகப்பைத் திறக்கும். டிவியின் ஒலியை ஹெச்.டி.எம்.ஐ. வழியே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் ஏ.ஆர்.சி. துளையில் ரிசீவரை இணைத்திருந்தால் இன்னொரு லாபம்: டிவிக்கு அனுப்பும் வால்யூம் கட்டளையே ரிசீவரின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும். அப்படி அமைந்துவிட்டால் ரிசீவருக்குத் தனிக் குறியெண் தேடும் வேலையே பாதி குறைந்துவிடும்.

சி.இ.சி. சரிவரவில்லை என்றால் ஃப்ளர்க் என்று, யு.எஸ்.பி. துளையில் செருகும் ஒரு சின்ன அகச்சிவப்பு உணரி இருக்கிறது. எந்த ரிமோட்டின் சமிக்ஞையையும் அது கற்றுக்கொண்டு, இணைத்த கருவியிடம் கீபோர்டு போல நடந்துகொள்ளும். கணினியையோ ராஸ்ப்பெரி பை போன்ற குட்டிக் கணினிகளையோ படம் பார்க்கப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது மிக நன்றாகப் பொருந்தும்.

ஒரே பட்டனில் எல்லாம் ஆன் ஆக வேண்டும் என்று, பல கட்டளைகளை வரிசையாக அனுப்பும் மேக்ரோ எழுதப் போகிறீர்களா? அப்படியானால் பவர் பட்டனின் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான பவர் பட்டன்கள் ஆனை ஆஃப் ஆக்கும், ஆஃபை ஆன் ஆக்கும். டிவி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் மேக்ரோ அதை அணைத்துவிடும். சி.இ.சி.யும் ஆனில் இருந்தால் கூத்து இன்னும் கூடும்: ரிசீவர் எழும்போதே டிவியையும் எழுப்பிவிடும், அடுத்த நொடி உங்கள் மேக்ரோவின் பவர் கட்டளை போய் எழுந்த டிவியைத் தூங்கவைத்துவிடும். இரண்டில் ஒன்றை மட்டும் நம்புங்கள். சி.இ.சி. ஒழுங்காக இயங்கும் வீட்டில் மேக்ரோ தேவைப்படாது என்பது என் அபிப்பிராயம். மேக்ரோதான் வேண்டும் என்றால், ‘ஆன் மட்டும்’, ‘ஆஃப் மட்டும்’ என்று தனித்தனிக் கட்டளைகளைத் தேடுங்கள். பல டிவிகளும் ரிசீவர்களும் அவற்றைப் புரிந்துகொள்ளும், கூட வந்த ரிமோட்டில் அதற்கான பட்டன் இல்லாவிட்டாலும். டிவி விழித்து, ஹெச்.டி.எம்.ஐ. வழியே கருவிகள் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும் கைகுலுக்கல் முடிய சில நொடி ஆகும், அதற்குள் இன்புட் கட்டளையை அனுப்பினால் வீணாகும். நடுவில் இடைவெளி விடுங்கள்.

வால்யூம் பூட்டையும் மறக்க வேண்டாம். ரிமோட் எந்தக் கருவியின் பக்கத்தில் இருந்தாலும் வால்யூம் மட்டும் ரிசீவருக்கே போக வேண்டும் என்று பழைய ரிமோட்கள் பலவற்றில் அமைக்கலாம். இதைச் செய்யாவிட்டால் வீட்டில் மற்றவர்கள் ரிமோட்டைத் தொடவே தயங்குவார்கள்.

பாட்டரி அறைக்குள் ஆறு சின்ன உலோக முனைகள் தெரிகின்றனவா? ஜே.பி.1 என்று சொல்லப்படும் இணைப்பு அது. ஒன் ஃபார் ஆல் குடும்பத்து ரிமோட்கள் பலவற்றில் உண்டு. அதற்கான கேபிளில் கணினியோடு இணைத்துப் புதுக் குறியெண்களையே உள்ளே ஏற்றலாம். கொஞ்சம் உழைப்பு கேட்கும், ஆனால் அப்படி ஏற்றிய ரிமோட்டுக்கு வயதே ஆகாது. லாஜிடெக் நிறுவனத்தின் ஹார்மனி யுனிவர்சல் ரிமோட் வைத்திருப்பவர்கள் வேறு கவலையில் இருப்பார்கள். 2021 ஏப்ரலில் அந்த வரிசையின் உற்பத்தியை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்துவிட்டது. அதன் அமைப்புகள் நிறுவனத்தின் சர்வரை நம்பியவை, ஆகவே சர்வர் இயங்கும்போதே உங்கள் அமைப்பை முடித்து ரிமோட்டில் ஏற்றிவிடுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் டிவி பதில் சொல்லவில்லை என்றால் அறையைப் பாருங்கள். டிவியின் கீழ் விளிம்பில் இருக்கும் வாங்கியைச் சவுண்ட்பார் மறைத்துக்கொண்டிருப்பது நான் மிக அதிகமாகப் பார்த்த கோளாறு. சவுண்ட்பாரை இரண்டு விரல் அகலம் முன்னால் இழுங்கள், அல்லது டிவியின் கால்களுக்கு அடியில் உயரம் கொடுங்கள்.

வேலை முடிந்ததும், போட்ட குறியெண்களை ஒரு துண்டுத் தாளில் எழுதி பாட்டரி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். எதைப் போட்டோம் என்று மறந்துவிட்டால், ஒன் ஃபார் ஆல் வகையில் 9-9-0 போட்டு, 1, 2, 3 என்று ஒவ்வொரு இலக்க இடத்துக்கும் எண்ணை அழுத்தினால் விளக்கு சிமிட்டும் எண்ணிக்கையில் பதில் வரும். சில பழைய ரிமோட்கள் பாட்டரியை எடுத்த சில நிமிடங்களில் எல்லாவற்றையும் மறந்துவிடும். உங்களுடையது அந்த வகையா என்பதைக் கற்பிக்கும் வேலையைத் தொடங்கும் முன்பே, ஒரே ஒரு குறியெண்ணைப் போட்டு, பாட்டரியைப் பத்து நிமிடம் வெளியே எடுத்து வைத்துப் பார்த்துவிடுங்கள்.